எஸ்தர் டீச்சர் பாதி சொன்னார்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஏரிப் பக்கம் போகிற சாலையில், இன்றைக்குக் கண்ணாடி முகப்போடு நிற்கிற மனநல மருத்துவமனையின் சுற்றுச்சுவரைக் கட்டியவன் நான். கட்டியவன் என்றால் கான்ட்ராக்ட் எடுத்தவன் இல்லை, கரண்டி பிடித்துக் கல் வைத்தவன். சுவரின் மேல் கண்ணாடிச் சில் பதிக்கச் சொன்னார்கள். இது சிறைச்சாலை இல்லை, முடியாது என்று சொன்னவனும் நான். ஆண்கள் வார்டு, பெண்கள் வார்டு, சமையல்கட்டு, கிணற்றடித் தொட்டி எல்லாம் என் கை பட்டவை. வெளித் தாழ்ப்பாள் போட்ட இருட்டறை ஒன்று இருந்தது. சண்டை போட்டு அதை இடித்துத் துணி காயப்போடும் இடமாக்கினேன். ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி எங்க தெருவுல வேணாம்’ என்று ஊர்க்காரர்கள் தண்ணீர் வண்டியை மறித்தபோது, வண்டிக்கு முன்னால் நின்று பேசித் தண்ணீரை உள்ளே கொண்டுவந்தேன். மறித்த அதே ஆட்கள் பிற்பாடு தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக என்னிடம்தான் முதலில் கூட்டிவந்தார்கள்.

நான் படித்தது ஐந்தாவது. செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்துத்தான் எழுதவே கற்றுக்கொண்டேன். சுவர் கட்ட வந்த கொத்தன் அந்தச் சுவருக்குள்ளேயே தலைமை வார்டு உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றான் என்றால் அது யாருடைய தயவிலும் நடந்தது இல்லை. பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், புதுச் சட்டம் வந்திருக்கிறது. மனநோய் உள்ளவர் தெளிவாக இருக்கும்போதே, ‘நாளைக்கு எனக்கு முடியாமல் போனால் இந்த வைத்தியம் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள்’ என்று முன்கூட்டி எழுதி வைக்கலாமாம். அதைப் பற்றி மருத்துவமனையில் ஒரு வகுப்பு நடத்தினார்கள், பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். வகுப்பு முடிந்ததும் இப்போது வார்டில் வேலை பார்க்கிற பாபு கேட்டான்: “அண்ணே, இதெல்லாம் நீங்க அந்தக் காலத்துலயே செஞ்சீங்களாமே, நெசமா? ஆஸ்பத்திரி மலருக்கு எழுதிக் குடுங்கண்ணே.” எழுதித் தருகிறேன். அச்சுக்குக் கொடுப்பவர்கள் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தவும். விஷயத்தில் கை வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதில்லை. எண்பதுகளின் ஆரம்பம். மேல்பூச்சு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிகளைச் சேர்த்துவிட்டார்கள். ஒருவர் சாரத்தில் ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டார். ஆளாளுக்குக் கீழிருந்து கத்தினார்கள். நான் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, பூச்சு காய்வதற்குள் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் என் கூலி போய்விடும் என்று உண்மையைச் சொன்னேன். இறங்கிவிட்டார். பூச்சு முடிந்ததும் பெரிய டாக்டர் என்னைப் போகவிடவில்லை. ஊசிக்குக் கை பிடிப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரையை நாக்குக்கடியில் ஒளிக்கிறார்களா என்று பார்ப்பது எல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றதுதான்.

பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். மருத்துவமனையைத் தொடங்கியவர், அதனால் எல்லோருக்கும் அவர் பெரிய டாக்டர். ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு, வார்டு வாசலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். நோயாளியின் முன்னால் டாக்டர் மணி பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. வெளியூர் டாக்டர்கள் வந்தால் இதைப் பார்த்து மெச்சுவார்கள். நான் மெச்சவில்லை. வார்டுச் சுவர்க்கடிகாரத்துக்கு ஆணி அடித்தவன் நான். எங்கே அடிக்கவேண்டும் என்று அவர் காட்டிய இடம் அவருடைய நாற்காலிக்கு நேர் எதிரே.

குரலை உயர்த்தமாட்டார். முகத்தில் எச்சில் துப்பினாலும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பார். அதையெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விசாரிக்கிற வரிசை இருக்கிறதே, முதலில் சொந்தக்காரர், பிறகு நர்ஸ், கடைசியில்தான் நோயாளி. அதற்குள் அவர் மனதில் தீர்ப்பு எழுதி முடிந்திருக்கும். ‘செய்யலாம்’ என்று சொன்னால் செய்வார். ‘பார்க்கலாம்’ என்று சொன்னால் செய்யமாட்டார். இந்த வித்தியாசம் நோயாளிக்கும் தெரியாது, கூட வந்தவர்களுக்கும் தெரியாது. ‘பார்க்கலாம்’ என்று கேட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போவார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

முன்கூட்டிச் சொல்லி வைக்கிற வழக்கத்தை எங்கள் இடத்தில் கொண்டுவந்தது அவர் இல்லை. அதற்குக் காரணம் குரோம்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை செய்த முனுசாமி. வெறி வந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. நாலு பேர் சேர்ந்து அமுக்கித்தான் ஊசி போடுவோம். ஒரு தடவை தெளிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“அண்ணா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. எனுக்குப் பேஜார் ஆவசொல்ல நாலு தடியனுங்க மேல வுழறீங்க பாரு, அப்பதான் எனுக்கு உயிர் பயமே வருது. நீ ஒண்டியா வா. சோத்துக் கைய குடுன்னு கேளு, குடுத்துடுவேன்.”

“குடுக்கலன்னா?”

“அப்பால கூப்டு உன் தடியனுங்கள.”

“ஒண்டியா வரசொல்ல மூஞ்சில குத்தலாம்னு பாக்கறயா?”

“குத்தறவன் இப்பவே குத்தமாட்டனா? இன்னாண்ணா நீ, தெளிவா கீறப்பவும் நம்பமாட்டேன்ற.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. அடுத்த தடவை அவனைக் கட்டிக் கொண்டுவந்தபோது மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் போனேன். கன்னத்தில் ஒன்று விட்டான், காதுக்குள் ரீங்காரம் போட்டது. ஆனால் அதற்குப் பிறகு சோத்துக் கையை நீட்டினான். ஊசி போட்டாயிற்று. கூட்டமும் இல்லை, கூச்சலும் இல்லை.

அதிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரையும், “அடுத்த தடவ வந்தா உங்கள எப்டி கவனிக்கணும்?” என்று கேட்க ஆரம்பித்தேன். பெரிய வம்பாகிவிட்டது. மற்ற இடங்களில் ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லுகிற ஜனங்கள் எங்கள் வாசலில் ‘போறோம்’ என்றுதான் சொல்லுவார்கள், திரும்பிக்கூடப் பார்க்காமல் நடப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் அடுத்த தடவை என்று பேசலாமா? ஒரு தாய் என் சட்டையைப் பிடித்துவிட்டாள். “எம்புள்ள மறுக்கா வரணும்னு வேண்டிக்கினு கீறியா நீ? உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?” பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். “ஏழுமலை, சந்தோஷமா வீட்டுக்குப் போற நேரத்துல எதுக்கு அபசகுனமா கேக்கற? விட்டுடு.”

நான் விடவில்லை, வழியை மாற்றினேன். கிளம்புவதற்கு முதல் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, துவைத்த துணி உடுத்திக் கிணற்றடியில் வெயில் காய்வார்கள். வீட்டு ஆட்களும் வந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து, “இந்தத் தடவ எது கஷ்டமா இருந்துச்சு? எது இதமா இருந்துச்சு?” என்று கேட்டேன். நடந்து முடிந்ததைக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது, ஆசையாகவே குறை சொல்லுவார்கள். சொன்னதைக் கூட இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும், நானும் சொல்லுவேன். அவ்வளவுதான். கஷ்டமாக இருந்தது என்று சொன்னதை மறுபடி வந்தால் செய்யக் கூடாது என்பது நான் வைத்த சட்டம். கிணற்றடிப் பேச்சு என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அடுத்த தடவை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லாமலே அடுத்த தடவைக்கு ஏற்பாடு செய்தோம்.

பெரிய டாக்டர் சில நாள் வந்து நின்று கேட்பார். எந்தக் கையில் ஊசி, விளக்கை அணைக்கலாமா, மாமியார் பார்க்க வரலாமா என்பது வரைக்கும் விட்டுக்கொடுத்தார். மருந்து, கரண்ட் என்று வந்தால் ‘பார்க்கலாம்’ என்பார். கரண்ட் என்று நாங்கள் சொன்னது நெற்றிப் பொட்டில் மின்சாரம் வைக்கிற வைத்தியம், ஷாக் ட்ரீட்மென்ட். அந்தக் காலத்தில் எங்கள் இடத்தில் மயக்க மருந்து கொடுக்காமலேதான் வைத்தார்கள்.

எண்பதுகள் முடிகிற சமயம், எஸ்தர் டீச்சர் முதல் தடவை வந்தார். சேலையூரில் வீடு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவர் காய்ச்சலில் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பேச்சு நின்று, சாப்பாடு நின்று, சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டார். தம்பி சாமுவேல்தான் கூட்டிவந்தார். ரயில்வேயில் வேலை, அக்காவின் வீட்டு மாடியில் குடியிருந்தார். பெரிய டாக்டர் ஷாக் வைத்தார். டீச்சர் எழுந்து உட்கார்ந்தார், பேசினார், சாப்பிட்டார். பேசின முதல் பேச்சே, “அவர் எங்க?” என்பதுதான். கணவர் இறந்தது மறந்துபோயிருந்தது. சாமுவேல் சொன்னார், டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மறுநாள், “அவர் எங்க, இன்னும் வரலியா?” என்று மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் செத்ததுபோல அழுதார். அது மனதில் தங்குவதற்குள் வார்டில் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

நன்றாகத் தெளிந்த பிறகு கிணற்றடிப் பேச்சு. அன்றைக்கு டீச்சர், சாமுவேல், நான், பெண்கள் வார்டு ஆயா கன்னியம்மா, கைகட்டி நின்ற பெரிய டாக்டர். நான் வழக்கம்போல எது கஷ்டமாக இருந்தது என்று ஆரம்பித்தேன்.

“ஏழுமலை, உங்களுக்குத் தெரியவேண்டியது அடுத்த தடவையைப் பத்தி. அதை ஏன் சுத்தி வளைச்சுக் கேக்கறீங்க? நேரா கேளுங்க” என்றார் டீச்சர்.

“அக்கா!” என்றார் சாமுவேல்.

“இருடா. அடுத்த தடவை எனக்கு ஷாக் வேண்டாம். ஒருத்தர் எனக்கு ஒரு தடவை செத்தா போதும். ஆனா நான் சாப்பிடாமக் கெடந்தேன்னா...”

“ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! அந்தப் பேச்சே வேணாங்கா. கர்த்தர் அப்படியெல்லாம் விடமாட்டார். எல்லாரும் கண்ணை மூடுங்க, ஜெபம் பண்ணிக்கலாம்!”

சாமுவேல் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். நாங்களும் கண்ணை மூடினோம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற கன்னியம்மாகூட மூடிக்கொண்டாள். நீளமான ஜெபம். ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது டீச்சர் அழுதுகொண்டிருந்தார், சாமுவேல் அவர் தோளை அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் ஆட்டோ வந்துவிட்டது. வண்டியில் கால் வைக்கிற ஆளிடம், சாப்பிடாமல் கிடந்தால் என்ன செய்ய என்று எங்கள் ஜனங்களில் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. ஜெபம் பயத்தில் வந்ததா, இல்லை வாயை அடைக்க வந்ததா என்று ஆட்டோ திரும்புகிற வரைக்கும் யோசித்துக்கொண்டு நின்றேன். அந்த வீட்டில் சாமுவேல் குடியிருக்கிறார், வீடோ அக்கா பெயரில். நினைவு தப்பிய அக்கா சில பேருக்கு வசதி. என் மனம் அப்படித்தான் போகும், அது நான் வளர்ந்த விதம்.

ஒரு வருஷம் நிறைவதற்குள் டீச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. உதட்டில் தண்ணீர் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். பெரிய டாக்டர் அவர் கையைத் தூக்கி விட்டார். விட்ட இடத்திலேயே கை நின்றது. நர்ஸிடம் திரும்பி, “நாளைக்குக் காலையில ஷாக்” என்றார்.

நான் அவர் அறைக்குப் போனேன்.

“சார், எஸ்தர் டீச்சர் ஷாக் வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க.”

“தெரியும். நானும் அங்கதானே நின்னேன். ‘ஆனா’ன்னும் சொன்னாங்க.”

“ஆனாவுக்கு அப்புறம் ஒண்ணும் சொல்லல சார்.”

“சொல்லணுமா? ஷாக் வேண்டாம், ஆனா சாப்பிடாம கிடந்தா... இதுக்கு மேல என்ன வரும்? குடுங்கன்னுதான் வரும். படிச்சவங்க. எதுல பொழைச்சோம்னு அவங்களுக்குத் தெரியும்.”

“மூக்கு வழியா கஞ்சி ஊத்துங்கன்னு வரலாம். வீட்டுக்கு அனுப்புங்கன்னு வரலாம். சும்மா வுட்டுடுங்கன்னுகூட வரலாம் சார்.”

“சும்மா விடச் சொல்லியிருந்தா விட்டுடுவியா நீ?”

அந்தக் கேள்வியை இன்றைக்கு வரைக்கும் எனக்கு நானே கேட்டுக்கொள்கிறேன். அவரே பேசினார்: “தெளிவா இருந்தப்ப பேசினவங்க வேற, இப்ப படுத்திருக்கறவங்க வேற ஏழுமலை. எனக்கு முன்னால இருக்கிற உயிரைத்தான் நான் பார்க்கணும்.”

“அப்ப ஷாக் வேணாம்னு சொன்னது மட்டும் செல்லாது, ஆனான்னு சொன்னது மட்டும் செல்லுமா சார்? ரெண்டும் ஒரே வாயிலதானே வந்துச்சு?”

அவர் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். குழாய் வைத்து ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம், யார் பொறுப்பு என்றார். நான் பொறுப்பு என்றேன். “நீ பொறுப்பாக முடியாதுப்பா. கேள்வி கேட்டா என்னைத்தான் கேப்பாங்க” என்றார். அதுவும் சரிதான். ‘பார்க்கலாம்’ என்று முடிப்பார் என்று காத்திருந்தேன். “செய்யலாம். கொஞ்ச நாள் குழாயில ஊத்திப் பாரு” என்றார். எனக்கே ஆச்சரியம். மனம் இளகினாரா, நான் தோற்றுக் காட்டட்டும் என்று விட்டாரா? இரண்டாவதுதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் முழுக்க மாறவில்லை.

வாசல் டீக்கடையில் சாமுவேல் என்னைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, எங்கக்கா செத்துடுவா. டாக்டரே குடுக்கலாம்ங்கறார். நீங்க யாரு தடுக்கறதுக்கு?”

“அன்னிக்குப் பாதியில எதுக்கு வாய அடைச்சீங்க?”

“அடுத்த தடவைன்னு அவ சொன்னாலே அது வந்துடும்னு தோணுதுண்ணே.”

“சரி, வூட்டுக்குப் போயாவது முழுசா சொல்லியிருப்பாங்களே?”

“ரெண்டு மூணு வாட்டி ஆரம்பிச்சா. நான் ரேடியோவை சத்தமா வச்சுட்டேன்.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. உண்மையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து முடித்ததையும் பார்த்தேன்.

குழாய் வைப்பது சாதாரண வேலை இல்லை. நர்ஸ் மூக்கு வழியாகச் செலுத்துவார், நான் தலையைத் தாங்கிப் பிடிப்பேன். உள்ளே போனதும் முதலில் வெளிமுனையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கவேண்டும். மூச்சுக்குத் தகுந்தபடி குமிழி வந்தால் குழாய் நுரையீரலுக்குப் போயிருக்கிறது, உடனே உருவவேண்டும். குமிழி வராவிட்டால் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, சிரிஞ்சால் காற்றைச் செலுத்திச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கவேண்டும். கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டவேண்டும், ஒரு குருணை இருந்தாலும் அடைத்துக்கொள்ளும். தலைமாட்டை உயர்த்திப் பிடித்து, அவசரப்படாமல் ஊற்றவேண்டும். கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவவேண்டும். ஊற்றிய உடனே படுக்க வைக்கக் கூடாது.

“இன்னா மேஸ்திரி, செவுத்துல பைப்பு பதிக்கிற மாரி பாத்துப் பாத்து வைக்கிற?” என்பாள் கன்னியம்மா.

“செவுரு ஒழுகினா பூசிக்கலாம். இத்த பூச முடியாது, கம்முனு புடி.”

ஒவ்வொரு தடவையும் ஊற்றுவதற்கு முன்னால், “டீச்சர், இது ஷாக் இல்ல, கஞ்சிதான்” என்று காதில் சொல்லுவேன். கேட்டாரா என்று தெரியாது. ஒரு நாள் மத்தியானம் கன்னியம்மா சும்மா முயற்சி செய்கிற மாதிரி உதட்டில் கரண்டியை வைத்தாள். பல் விலகியது. தொண்டை ஏறி இறங்கியது.

“யோவ், முழுங்குது யா!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து கைதட்டினாள்.

நான் ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னேன்.

“ஒரு ஸ்பூனா?”

“ஒரு ஸ்பூன் சார். தானா முழுங்கினாங்க.”

“பார்க்கலாம்” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே டீச்சருக்குக் காய்ச்சல். பெரிய டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். வலது பக்கம் சளி இரைகிறது, கஞ்சி உள்ளே போயிருக்கிறது, இனிக் காத்திருந்தால் ஆள் தங்காது என்றார். நாங்கள் வைத்த குழாயில் ஒரு தடவையும் குமிழி வந்ததில்லை. ஏரிக் கொசு கடித்தும் காய்ச்சல் வரும். ஆனால் முதுகில் காது வைத்தவர் அவர். அவருக்குக் கேட்டது எனக்குக் கேட்காது, கேட்டதாக அவர் சொன்னதை நம்பத்தான் வேண்டும். சாமுவேல் சம்மதம் கொடுத்துவிட்டார். டீச்சரிடம் சம்மதம் கேட்டீர்களா என்றேன். “பேசாம இருக்கிறவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?” என்றார் பெரிய டாக்டர். பேசும்போது சொன்னதும் கணக்கில் இல்லை, பேசாமல் இருப்பதும் மறுப்பு இல்லை. நோயாளி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். சுவர் கட்டியவன் சொல்கிறேன், அவ்வளவு இடைவெளி இல்லாத சுவரை நான்கூடக் கட்டியதில்லை.

மறுநாள் காலை ஷாக். தோளைப் பிடித்தது நான்தான். ஒப்புக்கொண்டு பிடிக்கவில்லை. மயக்க மருந்து இல்லாமல் வைக்கும்போது உடம்பு துள்ளும். தெரியாதவன் பிடித்தால் அமுக்குவான், தோள்பட்டை இறங்கிவிடும். அமுக்கக் கூடாது, துள்ளலோடு கூடவே போய்க் கூடவே வரவேண்டும். அந்தப் பக்குவம் எங்கள் இடத்தில் என் கைக்குத்தான் இருந்தது. பல்லுக்கு நடுவில் துணிச் சுருள் வைத்தோம், நெற்றிப் பொட்டில் உப்புத் தண்ணீர் தடவினார்கள். நான் குனிந்து, “டீச்சர், புடிக்கிற கைதான் என்னுது. சம்மதம் என்னுது இல்ல” என்றேன். பெரிய டாக்டர் காதிலும் விழுந்தது. “பிடிப்பா” என்றார்.

சில தடவை வைத்ததும் டீச்சர் எழுந்து உட்கார்ந்தார். இட்லி கேட்டார், தலைவாரச் சீப்பு கேட்டார். காய்ச்சலும் இறங்கிவிட்டது. பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். “பார்த்தியா?” என்றார். “பார்த்தேன் சார்” என்றேன். உயிரைக் காப்பாற்றினார் என்று சொல்லுவார்கள், அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு கரண்டிக்குப் பிறகு இன்னொரு கரண்டி வந்திருக்குமா என்பதை யாரும் பார்க்கவில்லை.

சீவி முடித்த டீச்சர் வாசலைப் பார்த்துக் கேட்டார்: “அவர் வரலியா?”

வாசலில் நின்ற சாமுவேல் விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். கன்னியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரிய டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். நான் சொன்னேன். மறுநாளும் நான்தான் சொன்னேன்.

ஞாபகம் ஓரளவு திரும்பிய பிறகு, வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள் கிணற்றடியில் உட்கார்ந்தோம். இந்தத் தடவை சாமுவேல் வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

“டீச்சர், அன்னிக்கு ஆனான்னு சொல்லி நிறுத்தினீங்களே, அதுக்கப்புறம் இன்னா சொல்ல வந்தீங்க?”

“என்னைக்கு?”

“போன தடவ கெளம்பறதுக்கு முன்னாடி. இதே எடத்துல. ஷாக் வேணாம்னு சொன்னீங்களே.”

“நானா? அப்படியா சொன்னேன்?” கரும்பலகையில் வேறு யாரோ போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். “சொல்லியிருந்தா காரணத்தோடதான் சொல்லியிருப்பேன். என்ன காரணம் சொன்னேன்?”

“ஒருத்தர் எனக்கு ஒரு தடவ செத்தா போதும்னு சொன்னீங்க.”

அந்த வார்த்தையைத் தன் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “நல்லாத்தான் சொல்லியிருக்கேன்” என்றார்.

“இப்பவாவது முழுசா சொல்லுங்க டீச்சர்.”

“எப்படிச் சொல்றது? ஷாக்னாலதான் உக்காந்திருக்கீங்கன்னு டாக்டர் சொல்றார். வேண்டாம்னு சொன்னவ யாருன்னே எனக்கு ஞாபகம் இல்ல. அவளுக்காக நான் எப்படி ஏழுமலை முடிவு சொல்ல முடியும்? அவ சொன்னதை நீங்க ஞாபகம் வச்சுக்கோங்க.”

அதற்குப் பிறகு அவர் எங்களிடம் வரவில்லை. அக்காவும் தம்பியும் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. யார் முடிவில் விற்றார்கள் என்று விசாரித்தேன், சரியான பதில் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளில் பெரிய டாக்டர் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில், “ஷாக் வேண்டாம், ஆனா சாப்பிடாம கிடந்தா குடுங்கன்னு சொல்ல வந்தாங்க” என்றார். ‘சொல்ல வந்தாங்க’ என்பதை நான் கவனித்தேன், அது வரைக்கும் நியாயம். சில வருஷத்தில் அது “சொன்னாங்க” ஆகிவிட்டது. நான் ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இப்போது அவர் இல்லை. ஆனால் அன்றைக்கு வகுப்பு எடுத்த இளம் டாக்டரம்மா திரையில் படம் போட்டுக் காட்டினார்: நோயாளி முன்கூட்டிச் சொன்னதை மதிக்கிற வழக்கத்தை நம் மருத்துவமனையில் அந்தக் காலத்திலேயே கொண்டுவந்தவர் நம் பெரிய டாக்டர்; சாப்பிடாமல் போனால் எனக்கு ஷாக் கொடுங்கள் என்று ஒரு ஆசிரியை முன்கூட்டிச் சொன்னார், அவர் அதை நிறைவேற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

“அம்மா, அந்த டீச்சர் அப்டி சொல்லல.”

“பெரிய சார் எழுதின கட்டுரையில அப்படித்தானே இருக்கு அங்கிள்.”

“கட்டுரை எழுதினவர் சொன்னதும்மா அது. டீச்சர் சொன்னது இல்ல.”

சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தப் படத்தில் சட்டத்தின் மற்ற விவரங்கள் இருந்தன: நோயாளி எழுதி வைத்தது சரிப்படாது என்று டாக்டரோ குடும்பமோ நினைத்தால், ஒரு குழு முன்னால் போய் அதை மாற்றக் கேட்கலாமாம். எழுத்தில் இருந்தால் பத்திரம் என்று நம்புகிற பாபு போன்ற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், நம்பாதீர்கள். யாராலும் எல்லாவற்றையும் எழுதி முடிக்க முடியாது. எந்தத் தாளிலும் எங்கேயாவது ஓர் ‘ஆனா’ இருக்கும். அதற்குப் பிறகு வருகிற இடத்தில் யார் பேனாவோடு நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

மலரில் நான் கேட்பது அதிகம் இல்லை. கிணற்றடியில் உட்கார வைத்துக் கேட்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவன் ஏழுமலை என்று போடவேண்டும். ‘மூத்த ஊழியர் ஒருவர்’ என்று போட்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன், பெயரோடு போடவேண்டும். அடுத்த தடவையைப் பற்றி முதன்முதலில் நேராகப் பேசியவர் எஸ்தர் டீச்சர் என்று போடவேண்டும். அவர் சொன்னதை இப்படியே போடவேண்டும்: ‘அடுத்த தடவை எனக்கு ஷாக் வேண்டாம். ஒருத்தர் எனக்கு ஒரு தடவை செத்தா போதும். ஆனா நான் சாப்பிடாமக் கெடந்தேன்னா’. அங்கே நிறுத்திவிடுங்கள். ‘ஷாக் குடுங்க’ என்கிற மீதியைப் பெரிய டாக்டர் பெயரில் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், அது அவர் சொன்னது. டீச்சர் பெயருக்கோ என் பெயருக்கோ கீழே அது வரக் கூடாது.